ஸ்டாப்பர் பேக்கா இருந்தவன் நல்ல கோச் ஆக முடியுமா? டோனி புலிஸ் கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க

நீரோடி ஸ்டாப்பர்

அண்ணம்மாரே தம்பிமாரே எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு நீரோடி பக்கமாக்கும், தமிழ்நாட்டுக் கடப்புறம் முடியுற எடம், அங்கிட்டு ரெண்டு எட்டு வச்சா பொழியூர், கேரளா. நம்ம ஏரியாவுல பந்து தொடாத பய கெடையாது. சூசைராஜ் இங்கேர்ந்து ஐஎஸ்எல் வரைக்கும் போனவரு, பொழியூர்ல சந்தோஷ் டிராபி வெளையாடுனவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. நான் மாவட்ட டிவிஷன்ல இலவன்ஸ், சீசன் ஆனா அங்கிட்டு போயி ஏழு பேரு ஆடுற செவன்ஸ், எப்பவும் ஸ்டாப்பர் பேக்தான், நம்ம கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்குற ஆளு.

இப்போ கால் முட்டு வேதனை அதிகமாயிட்டு, டாக்டரும் போதும்னு சொல்லியாச்சு. கிளப்புல பெரிய டீமையும் பதினாலு வயசுப் பிள்ளைகளையும் சேத்து நீயே பாத்துக்கோன்னு கேக்குறாங்க. எனக்கு அதுல உள்ள ஆசைய சொல்லி முடியாது, ராத்திரி படுத்தா யார எங்க நிறுத்தலாம்னுதான் மனசுல ஓடுது. ஆனா கமிட்டியில ரெண்டு மூணு பேரு "பந்தத் தூக்கி வெளிய அடிக்கிறவனுக்கு கோச்சிங் என்ன தெரியும், கோல் போடத் தெரிஞ்ச ஒருத்தனப் பாருங்க"ன்னு நிக்குறாங்க. அது மனசுல குத்திக்கிட்டே இருக்கு.

முன்னாடி இங்கிலாந்து கிளப்பு ஸ்டோக் சிட்டி மேட்ச் டிவியில பாப்போம், தொப்பியும் ட்ராக்சூட்டுமா சைடுல நின்னு கத்திக்கிட்டே இருப்பாரே அவங்க மேனேஜர் டோனி புலிஸ், அவரும் கீழ்மட்ட லீக்குகள்லயே டிஃபெண்டரா இருந்து வந்தவருன்னு கேள்விப்பட்டேன். அவரு எப்பிடி மேல வந்தாரு? டிஃபெண்டரா இருந்தது அவருக்கு ஒதவுச்சா, இல்ல அது வேற இது வேறயா? வெவரமா தெரிஞ்சவங்க எழுதுங்க.

ஊரம்பு ஜங்ஷன்

தம்பி, புலிஸ் பத்தி ஒருத்தர் கேட்டதே எனக்கு பெரிய சந்தோஷம், எல்லாரும் பெப்பு, மொரீன்யோன்னு பெரிய கோச்சுகளப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க.

1958ல வேல்ஸ்ல நியூபோர்ட்ல பொறந்தவரு, அதுவும் துறைமுக ஊருதான். பிரிஸ்டல் ரோவர்ஸ்ல ஆரம்பிச்சாரு, நடுவுல ஒரு சீசன் ஹாங்காங்ல ஹேப்பி வேலின்னு ஒரு டீமுக்குப் போனாரு, திரும்பி வந்து ரோவர்ஸ், அப்புறம் சொந்த ஊரு நியூபோர்ட் கவுண்டி, போர்ன்மவுத், கில்லிங்ஹாம், கடைசியா மறுபடி போர்ன்மவுத். எல்லாம் சேத்து 300க்கு மேல லீக் மேட்ச், அதுல இங்கிலாந்தோட முதல் டிவிஷன்ல ஒண்ணு கூட கெடையாது. போர்ன்மவுத்துல மேனேஜர் ஹாரி ரெட்நாப் கீழ வெளையாடி 1987ல மூணாவது டிவிஷன் ஜெயிச்சதுதான் ப்ளேயரா அவரோட பெரிய சந்தோஷம்னு சொல்லலாம். வேகம் கெடையாது, பந்தோட ஓடி நாலு பேர வெட்டுற கால் கெடையாது, மோதுறதுக்கு மட்டும் பயமே கெடையாது.

இப்போ முக்கியமான எடத்துக்கு வாறேன், கவனிச்சுக் கேளுங்க. அவரு கோச்சிங் பேட்ஜ் எடுத்தது 19 வயசுல. 21 வயசுல ஏ லைசென்ஸ். முட்டு போனதுக்கப்புறம் இல்ல, வெளையாட ஆரம்பிச்ச காலத்துலயே. அப்போ அவரு களத்துல நின்ன அத்தன வருஷமும் ஒரு கோச்சோட கண்ணுலதான் மேட்ச பாத்திருக்காரு. ரெட்நாப் கூடவே இருந்து கத்துக்கிட்டு 1992ல அவரு போனதும் போர்ன்மவுத்துக்கு மேனேஜர் ஆனாரு.

அடுத்து கில்லிங்ஹாம், 1995. கிளப்பு கடன்ல மூழ்கி மூடுற நெலமைக்குப் போயி புது முதலாளி வந்த நேரம். கடைசி டிவிஷன். அந்த 1995-96 சீசன்ல 46 மேட்ச்ல அவங்க வாங்குன கோல், அதாவது எதிரி அவங்களுக்குப் போட்டது, வெறும் 20. கீப்பர் ஜிம் ஸ்டானர்ட் 29 மேட்ச்ல ஒரு கோல் கூட விடல. 46 மேட்ச்ல 20 கோலுன்னா என்னன்னு ஒரு ஸ்டாப்பருக்குத்தான் புரியும், மழையில, சேத்துல, காத்துல, சில வாரம் ரெண்டு மேட்ச் வெளையாடி, ஒரு நாள் கூட கவனம் சிதறாம நிக்கணும். அந்த வருஷமே மேல ஏறிட்டாங்க. 1999ல இன்னும் ஒரு படி ஏற வெம்ப்ளில ப்ளே-ஆஃப் ஃபைனல், எதிர்ல மான்செஸ்டர் சிட்டி, 90 நிமிஷம் முடியப் போகுது கில்லிங்ஹாம் 2-0. அங்கேர்ந்து சிட்டி ரெண்டு போட்டு பெனால்டியில ஜெயிச்சுட்டாங்க. இன்னைக்கி சிட்டி இருக்குற எடத்துக்கு அந்த ரெண்டு கோலும் ஒரு காரணமாக்கும். புலிஸ் அதுக்கப்புறம் அங்க இல்ல.

ஸ்டோக்குக்கு 2002ல வந்தாரு, கீழ விழப் போன டீம கடைசி நாள்ல காப்பாத்துனாரு. 2005ல வெளிநாட்டு ப்ளேயர்கள எடுக்கலன்னு சொல்லி தூக்கிட்டாங்க. ஒரு வருஷம் ப்ளிமத்துல இருந்தாரு, 2006ல ஸ்டோக்குக்கு பழைய முதலாளி திரும்பி வந்ததும் புலிஸையும் கூப்பிட்டுக்கிட்டாரு. 2008ல ஸ்டோக் 23 வருஷத்துக்கு அப்புறம் முதல் டிவிஷனுக்கு, அதான் இப்போ பிரீமியர் லீக், போச்சு, 2011ல இங்கிலாந்தோட நாக்-அவுட் கோப்பையான எஃப்ஏ கப் ஃபைனலும் வெளையாடுனாங்க. செமியில போல்டன 5-0, ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டி கிட்ட 1-0ல தோல்வி. தூக்கி எறிஞ்ச எடத்துக்கே திரும்பி வந்து செஞ்சது இது.

ஸ்டோக்குல ஆரம்பிச்சு அஞ்சு பிரீமியர் லீக் சீசன், ஒரு தடவ கூட கடைசி மூணுல இல்ல. அவரு மேனேஜரா இருந்து முடிச்ச எந்த சீசன்லயும் எந்த டீமும் கீழ் டிவிஷனுக்கு எறங்குனதே இல்ல. கமிட்டிக்காரங்க கிட்ட இதச் சொல்லுங்க.

பிடி சார் களியக்காவிளை

மேல எழுதுனவரு சொன்ன கணக்கெல்லாம் சரி. நானும் புலிஸ மதிக்கிறவன்தான். ஆனா தம்பி கேட்டதுல ரெண்டு வேல இருக்கு, அத ஒண்ணா போட்டு கொழப்பக் கூடாது. பெரிய டீமுக்கு கோச்சா நிக்குறது ஒண்ணு, பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுக்குறது வேற.

புலிஸ் செஞ்சதெல்லாம் வளந்த ஆம்பளைகள வச்சு. யாருக்கு என்ன வரும், என்ன வராதுன்னு முடிவு ஆகிட்ட ப்ளேயர்கள். ரோரி டெலாப்புன்னு ஒருத்தரு, பள்ளிக்கூடத்துல ஈட்டி எறிஞ்சவரு, அவரு கையால எறியுற த்ரோ கார்னர் கிக்க விட வேகமா தாழ்வா வந்து விழும். பந்த தொடைக்க மைதான ஓரத்துல துண்டு வச்சிருப்பாங்க. த்ரோல நேரா வாங்குனா ஆஃப்சைடு கெடையாது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டந்தான், ஆனா அத வச்சு ஒரு டீமையே கட்டலாம்னு நெனச்சது புலிஸ். 2008 நவம்பர்ல ஆர்சனல 2-1ன்னு ஜெயிச்சப்போ ஸ்டோக்கோட ரெண்டு கோலும் டெலாப் த்ரோலேர்ந்துதான். சொந்த மைதானத்தையே குறுக்கி 100 மீட்டருக்கு 64 மீட்டர்னு வச்சிருந்தாங்க, த்ரோ எறியுறவருக்கு கோல் போஸ்ட் பக்கத்துல வரட்டும்னு, எதிரி விங்கருக்கு ஓட எடம் இருக்கக் கூடாதுன்னு. ஐரோப்பா கிளப்புகளோட யூரோப்பா லீக் வெளையாட வந்தப்போ அவங்க சட்டப்படி திரும்ப அகலமாக்க வேண்டியிருந்துச்சு.

இதெல்லாம் பெரிய மூளை. ஆனா இத ஒரு பதினாலு வயசுப் பையனுக்கு குடுத்தா அவன் என்ன கத்துப்பான்? உயரமா இருக்கவன் மட்டும் டீம்ல இருப்பான், குட்டையா நல்ல கால் உள்ள பிள்ளை வீட்டுக்குப் போயிரும். எங்க ஸ்கூல் ஏரியாவுல இத நான் கண்ணால பாத்திருக்கேன், அண்டர்-14 கப்புக்கு ஆசப்பட்டு தாடி மொளச்ச பையன்களா பொறுக்கி எடுத்து நிறுத்துவாங்க, நாலு வருஷம் கழிச்சு அதுல ஒருத்தன் கூட வெளையாட மாட்டான். மனசு வலிக்கும்.

அதனால பிள்ளைகள கையில எடுத்தா பந்து அவங்க கால்ல இருக்கட்டும். ஸ்டாப்பர் பொசிஷன்ல எல்லாரையும் வெளையாட வைங்க, ஸ்டாப்பரா நிக்குற பையன விங்குலயும் போடுங்க. முதல்ல டி லைசென்ஸ் கோர்ஸ் பண்ணுங்க, நம்ம இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனே நடத்துது, அங்கேர்ந்து சி, பி, ஏ, ப்ரோன்னு ஏணி இருக்கு. கோல் போடத் தெரிஞ்சவனா இல்லையான்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க.

நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு சொல்றேன். சாலக்குடிக்காரரு டி.கே.சாத்துண்ணி, செகந்தராபாத் இஎம்இ, வாஸ்கோ கோவான்னு வெளையாடுன டிஃபெண்டர், 1997-98ல மோகன் பகான் நேஷனல் லீக் ஜெயிச்சப்போ கோச் அவருதான். 2024ல காலமாயிட்டாரு. கல்கத்தாவுல மோகன் பகான் பெஞ்சுல ஒரு மலையாளி டிஃபெண்டர் உக்காந்து ஜெயிச்சுக் காட்டுனது சின்ன விஷயம் இல்ல.

கொழிஞ்சாம்பாறை செவன்ஸ்

நான் பாலக்காட்டுப் பக்கங்க, கொழிஞ்சாம்பாறை, இங்கயும் தமிழ்தானுங்க, சீசன் வந்தா செவன்ஸுதான். புலிஸ் மட்டும் இல்லீங்க, இந்த வழியில வந்தவங்க இன்னும் இருக்காங்க.

சீன் டைச் எடுத்துக்கோங்க. செஸ்டர்ஃபீல்டுங்குற சின்ன டீம்ல வருஷக்கணக்கா சென்டர் பேக், கேப்டன். 1997ல மூணாவது டிவிஷன்ல இருந்துக்கிட்டு அந்த டீம் எஃப்ஏ கப் செமிஃபைனல் வரைக்கும் வந்துச்சுங்க, ஓல்டு டிராஃபோர்டுல மிடில்ஸ்பரோவோட 3-3, அதுல பெனால்டி அடிச்சு ஒரு கோல் போட்டது டைச். அப்புறம் ரீப்ளேல தோத்துட்டாங்க. அந்த ஆளுதான் 2012 அக்டோபர்ல பர்ன்லிக்கு மேனேஜரா போயி 2014லயும் 2016லயும் பிரீமியர் லீக்குக்கு ஏத்துனாரு, 2017-18ல ஏழாவது எடம், யூரோப்பா குவாலிஃபையிங். பர்ன்லி எவ்வளவு சின்ன ஊருன்னு தெரிஞ்சா இதோட வெயிட்டு புரியுமுங்க. ஒம்பது வருஷத்துக்கு மேல ஒரே கிளப்பு, இந்தக் காலத்துல அது எங்கீங்க நடக்குது.

இன்னொருத்தரு ராய் ஹாட்ஜ்சன். கிரிஸ்டல் பேலஸ்ல பையனா இருந்தாரு, மெயின் டீம்ல வெளையாடவே இல்ல, அப்புறம் டான்பிரிட்ஜ், கிரேவ்ஸெண்டுன்னு லீக்குக்கும் வெளிய உள்ள டீம்கள்லதான் டிஃபெண்டர். 1976ல ஸ்வீடனுக்குப் போயி ஹாம்ஸ்டாடுன்னு முந்தின வருஷம் மயிரிழையில தப்பிச்ச ஒரு டீம எடுத்து அதே வருஷம் லீக் சாம்பியன் ஆக்கிட்டாருங்க. அவருக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க, நம்ம பாப் ஹவ்ட்டன். ஆமாங்க, 2011 ஏசியன் கப்புக்கு இந்தியாவ 27 வருஷம் கழிச்சு கூட்டிட்டுப் போனாரே அதே ஹவ்ட்டன். மால்மோவ 1979ல யூரோப்பியன் கப் ஃபைனல் வரைக்கும் கொண்டு போனவரு. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிட்டு ஓடுறத விட்டுட்டு எடத்த காக்குற டிஃபென்ஸ, நாலு பேரும் ஒரே கோட்டுல ஏறி எறங்குறத, இவங்க ரெண்டு பேருந்தான் ஸ்வீடன்ல பரப்புனாங்க.

எனக்குத் தோணுறது என்னன்னா ஃபார்வர்டுக்கு கோல் போட்டா போதும், எப்படிப் போட்டேன்னு சொல்லத் தேவையில்ல, காலு தானா செய்யும். ஸ்டாப்பர் அப்படி இல்லீங்க, மேட்ச் முழுக்க வாய் ஓயாது, "ஏறு, எறங்கு, லெஃப்ட்ல ஆளு, விடு, புடி"ன்னு பத்து பேர நகத்திக்கிட்டே இருக்கோணும். கோச் வேலையும் அதேதானுங்க. பிடி சார் சொன்னதும் நெசம், பிள்ளைக கிட்ட புலிஸ் வேண்டாம்.

நீரோடி ஸ்டாப்பர்

மூணு பேருக்கும் எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல. 19 வயசுலயே பேட்ஜ் எடுத்தாருங்குறது எனக்குப் புதுசு, அத வாசிச்சிட்டு அப்பிடியே கொஞ்ச நேரம் இருந்துட்டேன். டி லைசென்ஸ் எங்க நடக்குதுன்னு நாளைக்கே விசாரிக்கேன். பிள்ளைகளுக்கு பந்து கால்லதான், பிடி சார் சொன்னத மனசார ஏத்துக்குறேன்.

பெரிய டீம் பத்தி ஒரு சங்கடம் இருக்கு. பாதிப் பேரு போட்டுல தங்கலுக்கு, கடல்லயே தங்கி மீன் புடிக்கப் போறவங்க. போனா வாரக்கணக்கு, சில சமயம் மாசத்துக்கு மேல ஆவும். திரும்பி வாறப்போ அடுத்த நாள் மேட்ச் இருக்கும். பாஸ் பாஸா கட்டி வெளையாட பழகணும்னா எல்லாரும் ஒண்ணா நிக்கணும்லா? புலிஸ் எல்லா எடத்துலயும் கொஞ்ச நாள்லயே டீம மாத்துனாருங்குறாங்க, அத எப்பிடி செஞ்சாரு?

தங்கல்காரன்

மக்கா, நான் வள்ளவிளை, நானும் போட்டுக்குப் போறவன், இப்போ கரையில. நீ கேட்டது எனக்கு உள்ளதாக்கும்.

போட்ட ஓட்டுற ஸ்ராங்கு என்ன செய்வாரு? காத்த மாத்த மாட்டாரு, நீரோட்டத்த மாத்த மாட்டாரு, இருக்குற டீசலு, இருக்குற ஐஸு, இருக்குற ஆளு, அத வச்சு எங்க போடணும் எப்ப திரும்பணும்னு முடிவு பண்ணுவாரு. புலிஸும் அந்த ஜாதிதான்.

கிரிஸ்டல் பேலஸ் கதையப் பாரு. 2013 நவம்பர் கடைசியில வாறாரு, 12 மேட்ச் முடிஞ்சு 7 பாயிண்டு, எல்லாரும் இந்த டீம் கீழ போயாச்சுன்னு எழுதி வச்சாச்சு. ஜனவரி வரைக்கும் புது ஆள் வாங்கவும் முடியாது. அதே ஆளுகள வச்சு முதல்ல செஞ்சது, பந்து நம்மகிட்ட இல்லாதப்போ யாரு எங்க நிக்கணும்ங்குறது. நாலு பேரு பின்னாடி, அதுக்கு முன்னாடி இன்னொரு வரிசை, ரெண்டுக்கும் நடுவுல எடம் விடாம. கைப்பத்துனா வேகமா விங்குல. சீசன் முடியுறப்போ 45 பாயிண்டு, 11வது எடம், மார்ச்சுல செல்சீய 1-0, மே மாசம் லிவர்பூலுக்கு 0-3ல இருந்து 3-3. அந்த வருஷம் பிரீமியர் லீக்கோட சிறந்த மேனேஜர் விருது அவருக்குக் குடுத்தாங்க.

ஏன் அது சீக்கிரம் நடந்துச்சுன்னா எங்க நிக்கணும்ங்குறத சீக்கிரம் சொல்லிக் குடுக்கலாம். பந்து எங்க இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி பத்து பேரும் எந்தப் பக்கம் சாயணும்ங்குறத ஒரு ஆளு பத்து நாள் கடல்ல இருந்து வந்தாலும் மறக்க மாட்டான், தரையில கல்லு வச்சுக் காட்டுனாலே புரியும். த்ரோ, கார்னர், ஃப்ரீகிக் அதுவும் அப்பிடித்தான், யாரு ஓடணும் யாரு மறைக்கணும் யாரு ரெண்டாவது பந்துக்கு நிக்கணும்னு சொல்லிட்டா போதும். ஒண்ணு ரெண்டு டச்சுல ஆள தேடிக் குடுத்து வெளையாடுறது அப்பிடி இல்ல, அதுக்கு ஆளு ஆளோட மனசு தெரியணும், அதுக்கு நாள் வேணும். நமக்கு அந்த நாளு ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும், நம்ம கரைக்குத் தடைக்காலம், போட்டெல்லாம் கட்டிக் கெடக்கும், பயலுவ எல்லாம் ஊர்ல. மழதான், கிரவுண்டு சேறாத்தான் கெடக்கும், பரவாயில்ல. அந்த ரெண்டு மாசம் பந்தோட பழகு. மத்த மாசத்துல புலிஸ் மாதிரி வெளையாடு.

ஆனா ஒண்ணு, புலிஸ் எல்லா எடத்துலயும் ஜெயிச்சாருன்னு நெனச்சிராத. வெஸ்ட் ப்ராம்ல ரெண்டு மூணு வருஷம் நல்லா போச்சு, 2016-17ல பத்தாவது எடம் கூட வந்தாங்க, அதுக்கப்புறம் கோல் வறட்சி, ரசிகர்களுக்கு வெறுப்பு, 2017 நவம்பர்ல போக வேண்டியதாச்சு. கடைசியா 2020ல ஷெஃபீல்டு வெனஸ்டேல 10 மேட்ச், ஒண்ணுதான் ஜெயிச்சாரு, 45 நாள்ல முடிஞ்சிது. கோல் வாங்காம நிக்குறது ஒரு டீம உயிரோட வைக்கும், அத மட்டுமே வச்சு வருஷக்கணக்குல ஆளுகள சந்தோஷமா வச்சிருக்க முடியாது. ஸ்டோக்குல கூட அஞ்சாவது சீசன்ல சலிச்சுப் போயித்தான் 2013ல பிரிஞ்சாங்க.

ஊரம்பு ஜங்ஷன்

தங்கல்காரரு சொன்னதுல எனக்கு ஒரு எடத்துல ஒத்துப் போகல. ஸ்டோக்குல சலிப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி அவரு கெளம்புனதுக்கு அப்புறம் அந்தக் கிளப்பு என்னாச்சுன்னு பாக்கணும். கொஞ்ச வருஷம் நல்லா வெளையாடுனாங்க, ஒம்பதாவது எடமெல்லாம் வந்தாங்க, சரிதான். ஆனா 2018ல கீழ போனவங்க இன்னும் பிரீமியர் லீக்குக்குத் திரும்பல. வெஸ்ட் ப்ராமும் அதே 2018லதான் கீழ போச்சு, அவரு கெளம்பி ஆறு மாசத்துல. அப்போ அந்த அடித்தளத்த அவ்வளவு லேசா நெனைக்கக் கூடாது.

நீரோடி தம்பி, கமிட்டிக்காரங்க கிட்ட வாக்குவாதம் வேண்டாம். ஒரு சீசன் டீம குடுங்கன்னு மட்டும் கேளுங்க. வாங்குன கோல் எத்தனன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, போன வருஷ கணக்கு யாருகிட்டயாவது இருந்தா அதையும் பக்கத்துல எழுதுங்க.

பிடி சார் களியக்காவிளை

அந்த நோட்டுலயே பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க தம்பி. அதுல கோல் கணக்கு வேண்டாம், ஜூன்ல எத்தன பிள்ளை வந்துச்சு, அடுத்த ஜூன்ல அதுல எத்தன பிள்ளை இன்னும் வருதுன்னு மட்டும் எழுதுங்க. டி லைசென்ஸ் தேதி வந்தா நானும் இங்க போடுறேன், நம்ம ஸ்கூல்லேர்ந்து ரெண்டு பேரு போறதா இருக்கு, சேந்தே போயிட்டு வரலாம்.